மாதக்கடை இலக்கணம்

பாயிரம்

பாயிரம் சொல்லாமல் நூலுக்குள் நுழைவது மரபன்று. ஆகவே முதலில் அதை முடித்துவிடுவோம்.

நூற்பெயர் மேலே உள்ளது. எல்லை, மைசூரு தேவராஜ மொஹல்லா; அதிலும் தேவராஜ மார்க்கெட்டைச் சுற்றிய நிலம். கிழக்கே சையாஜி ராவ் சாலை, வடக்கே தன்வந்திரி சாலை, தெற்கே ஊரார் ‘சிக்க கடியார’ என்னும் டஃபரின் மணிக்கூண்டு. மேற்கெல்லை பற்றி ஆட்டோக்காரர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கேட்போர், கடை வாடகைக்கும் சீட்டுக்கும் மாதத் தவணைக்கும் நிரல் எழுதிக் கொடுப்போரும், எழுதி வாங்கி அவதிப்படுவோரும். நுதலிய பொருள், ஒரு தேதியோடு ஒரு மாதத்தைக் கூட்டினால் வருவது யாது என்பது. பயன், பிப்ரவரி வாடகை தொலையாமல் இருத்தல்.

இத்தனூண்டு விஷயத்துக்கு ஒரு நூலா என்று கேட்பவர் இன்னும் சம்பள நாளில் வேலை செய்யும் நிரல் எதையும் எழுதாதவர். நாளோடு நாளைக் கூட்டலாம். வாரமென்றால் ஏழால் பெருக்கிக் கூட்டலாம். பைத்தான் மொழியில் கால இடைவெளிக்கென்று ஒரு வகை உண்டு. நாள், மணி, நிமிடம், வாரம் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். மாதத்தைக் கொடுத்தால் வாங்காது. செய்தவர்கள் மறந்துவிடவில்லை, தெரிந்தேதான் விட்டார்கள். மாதம் அளவு அன்று, உடன்படிக்கை. யாருக்கும் யாருக்கும் இடையே ஆன உடன்படிக்கை என்று கேட்காமல் அதைக் கூட்டவும் கூடாது, கழிக்கவும் கூடாது. இனி வருவதெல்லாம் இதற்கு உரை.

முதல் இயல்: மாதத்தின் வகை

மாதம் ஐவகைப்படும்: எண்மாதம், கதிர்மாதம், மதிமாதம், காண்மாதம், கூலிமாதம்.

எண்மாதம், சுவரில் ஆணியடித்து மாட்டிய இங்கிலீஷ் மாதம். ஓர் அட்டவணையும் ஒரு லீப் ஆண்டு விதியும் இருந்தால் அடங்கிவிடும். சட்டத்தில் வெறுமனே ‘மாதம்’ என்று வந்தால் பிரிட்டிஷ் நாட்காட்டி மாதம் என்று கொள்க என 1897ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம் சொன்னது. இன்றும் அதுவே விதி. மேகநாத் சாஹா தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் நமக்கு ஒரு தேசிய நாட்காட்டி இருக்கிறது. சைத்திரத்துக்கு 30 நாள், லீப் ஆண்டில் 31. அடுத்த ஐந்து மாதங்களுக்கு 31. மிச்ச ஆறுக்கும் 30. முப்பதாம் தேதி இல்லாத மாதமே அதில் கிடையாது. நிரலர்க்கு இதைவிட உத்தமமான மாதம் வாய்க்காது. வாய்த்தும் என்ன, ஒருவரும் அதன்படி வாடகை வாங்குவதில்லை. அரசிதழின் தலைப்பிலும் ஆகாசவாணியின் அறிவிப்பிலும் அது மரியாதையாக வாழ்கிறது. (ஆகாசவாணி என்ற பெயரை 1935இல் இதே மைசூரில் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி தம் வானொலிக்கு வைத்தார். நூலுக்கும் இதற்கும் தொடர்பில்லை; ஊருக்குப் பெருமை.)

கதிர்மாதம் நம்முடையது. சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குள் நுழைவது அதன் எல்லை. நுழைவு அஸ்தமனத்துக்கு முன் நடந்தால் அன்றே மாதப் பிறப்பு. பின்னால் நடந்தால் மறுநாள். 2024இல் மேஷப் பிரவேசம் ஏப்ரல் 13 இரவு ஆனதால் சித்திரை 1 ஏப்ரல் 14இல் வந்தது. மலையாளத்தார் அஸ்தமனம் வரை காத்திருப்பதில்லை. பகலில் ஐந்தில் மூன்று பங்கு கழிந்ததுமே கணக்கை மூடிவிடுவார்கள். மாதத்தின் நீளமோ 29 முதல் 32 நாள் வரை. ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு அருகில் இருந்து விரைந்து ஓடுவதால் மார்கழி சில ஆண்டுகளில் 29இலேயே முடிகிறது. ஜூலைத் தொடக்கத்தில் தொலைவில் இருந்து மெல்ல நகர்வதால் ஆனி 32 வரை இழுக்கிறது. ஆகவே ‘இந்தத் தமிழ் மாதத்தின் கடைசி நாள் எது’ என்று கேட்கும் நிரலுக்கு அட்டவணை போதாது. அஸ்தமன நேரம் வேண்டும். வாக்கியமா திருக்கணிதமா என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

மதிமாதம் கன்னடத்தார் காலண்டரில் இருப்பது, அமாவாசையோடு முடிவது. பன்னிரண்டு மதிமாதம் சேர்ந்தால் ஏறத்தாழ 354 நாள்தான் தேறும். குறையை நிரப்ப அவ்வப்போது ஒரு மாதத்தை அதே பெயரில் இருமுறை நடத்துவார்கள். முதலில் வருவது அதிக மாதம். 2020இல் ஆசுவயுஜம் இரட்டித்தது. மகாளய அமாவாசை செப்டம்பர் 17இல் போயிற்று. மறுநாளே தொடங்க வேண்டிய நவராத்திரி ஒரு மாதம் காத்திருந்து அக்டோபர் 17இல் தொடங்கியது. வழக்கமாகச் சையாஜி ராவ் சாலை வழியே பன்னிமண்டபம் போகும் தசரா ஊர்வலம் அந்த ஆண்டு கொரோனாவால் அரண்மனை வளாகத்துக்குள்ளேயே முடிந்ததால், சாலையை மூடும் தேதியை முன்கூட்டிக் கணக்கிட்டு வைத்திருந்தவர்கள் தப்பினார்கள்.

மாதப் பெயரையும் திதியையும் சேர்த்துத் தரவுத்தளத்தில் பிரைமரி கீ வைத்தவர் இருமுறை மாட்டுவார்: மாதமும் இரட்டிக்கும், திதியும் இரட்டிக்கும். திதி விழுந்துபோவதும் உண்டு. 1982–83இல் ஒரு மாதமே விழுந்துபோயிற்று. நாகும் டெர்ஷோவிட்ஸும் எட்வர்ட் ரெயின்கோல்டும் உலக நாட்காட்டிகளை எல்லாம் நிரலாக்கி 1997இல் நூலாக வெளியிட்டபோது, இந்து மதித் தேதிக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற மூன்று போதாமல் ‘இது அதிக மாதமா’, ‘இது இரட்டித்த நாளா’ என்று இரண்டு ஆம்–இல்லைகளையும் சேர்த்து ஐந்தாக எழுதினார்கள். பஞ்சாங்கத்துக்கு ஐந்து அங்கம் என்பது சரியாகத்தான் போயிற்று, அவர்கள் சொன்ன ஐந்து வேறு என்றாலும்.

மார்க்கெட்டில் ஒரு தமிழ் மளிகைக்கடையின் சுவரைப் பார்ப்போம். கல்லாவுக்கு மேல் தேதி கிழிக்கும் காலண்டர், பக்கத்தில் கன்னட மாதக் காலண்டர், கீழே பில் போடும் கணினி. 2024 ஏப்ரல் 14 ஞாயிறன்று கணினி 14 என்றது. கிழித்த தாள் சித்திரை 1 என்றது. கன்னடக் காலண்டர் சைத்திர சுக்ல சஷ்டி என்றது. தேசிய நாட்காட்டியையும் மாட்டியிருந்தால் அது சைத்திரம் 25 என்றிருக்கும். நான்கு எண்கள், நான்கும் சரி. மாத முதல் நாள் என்று சொன்னது ஒன்றே ஒன்று.

நட்சத்திரப் பிறந்தநாள் கொண்டாடும் வீடுகளில் கதிரையும் மதியையும் முடிச்சுப் போடும் தனி விதி ஒன்று நடக்கிறது. நட்சத்திரச் சுற்று ஏறத்தாழ 27 நாள். மாதம் 29 முதல் 32. மாதத்தின் முதல் சில நாளில் வரும் நட்சத்திரம் கடைசியில் மீண்டும் வந்து நிற்கும். இரண்டு வந்தால் பிந்தியதை எடு என்பது பாட்டி வாக்கு. கணினித் துறையில் இதே விதிக்கு ஆவணம் எழுதி, கூட்டம் போட்டு, ஒப்புதல் வாங்கியிருப்பார்கள்.

காண்மாதம் பிறை கண்டால் பிறப்பது. 2024இல் கேரளத்தில் ஏப்ரல் 10 அன்று ஈகைத் திருநாள்; நாட்டின் பெரும்பகுதியில் 11. இதற்கு நிரல் எழுதக் கூடாது. அறிவிப்பு வந்ததும் கையால் திருத்த ஒரு பொத்தான் வைத்தால் போதும்.

கூலிமாதம், கூலி கொடுக்கவும் காசு வாங்கவும் வகுத்துக்கொண்ட மாதம். இதில்தான் சுவையே இருக்கிறது. மைசூரு அரண்மனை ஆதரவில் 1891இல் தொடங்கிய கீழ்த்திசை நூலகத்துக்கு வந்த ஓலைச்சுவடிக் கட்டில் ஆர். ஷாமசாஸ்திரி 1905இல் அர்த்தசாஸ்திரத்தைக் கண்டார், 1909இல் அச்சேற்றினார். அதன் இரண்டாம் அதிகரணத்தில் காலத்தை அளக்கும் பகுதி ஒன்று உண்டு. மாதத்தை வகைபிரித்ததில் அதன் ஆசிரியர் கௌடில்யர் நமக்கு முன்னோடி. 30 நாள் வேலை மாதம். முப்பதரை நாள் சூரிய மாதம். இருபத்தொன்பதரை சந்திர மாதம். 27 நட்சத்திர மாதம். அடுத்து வரும் 32, 35, 40 என்ற எண்களை ஷாமசாஸ்திரி அதிக மாதக் கணக்காக எடுத்தார். பின்னால் வந்த ஆர்.பி. காங்லே நேராகவே படித்தார்: படைக்கு 32 நாள் மாதம், குதிரை பராமரிப்போர்க்கு 35, யானை பராமரிப்போர்க்கு 40. நாம் காங்லே கட்சி. யானைப் பாகனுக்கு நாற்பது நாளைக்கு ஒருமுறைதான் சம்பளம் என்பது, எந்தக் கஜானாவையும் அறிந்தவர்க்கு நம்பக் கடினமானதில்லை.

அதே அதிகரணத்தில் வேறோர் இடத்தில் வேலை ஆண்டுக்கு 354 நாள் என்றும், ஆஷாட முடிவில் கணக்கு முடித்து, முழுதாகவோ குறைந்த நாளுக்கு ஏற்பவோ கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இடையில் சேர்ந்தவருக்கு நாள் விகிதப்படி சம்பளம் போடும் கணக்கு அந்தப் பழமையது.

கௌடில்யர் விட்டுப்போன கூலிமாதம் ஒன்றை நம் தொலைபேசிக் கம்பெனிகள் சேர்த்தன: 28 நாள் ரீசார்ஜ் மாதம். பன்னிரண்டு முறை போட்டால் 336 நாள்தான் ஓடும். ஆண்டை ஒப்பேற்றப் பதின்மூன்றாம் முறையும் போட வேண்டும். யானை மாதத்தில் இழந்தவன் பாகன். ரீசார்ஜ் மாதத்தில் இழப்பது யார் என்று உரையாசிரியர் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் இயல்: கடை கூட்டல்

இனி எண்மாதம் ஒன்றையே எடுத்துக்கொண்டு வினாவுக்கு வருவோம். 2023 ஜனவரி 31ஆம் தேதியோடு ஒரு மாதத்தைக் கூட்டுக. பிப்ரவரி 31 இல்லை. என் செய்வது? இதில் நான்கு பள்ளிகள் உண்டு: ஒடுங்குவார், வழிவார், கடைபற்றுவார், மறுப்பார்.

வழிவார் மார்ச் 3 என்பார். பிப்ரவரி 31 என்பது 28ஐத் தாண்டி மூன்று நாள். ஆகவே மார்ச் 3. பி.எச்.பி.யும் ஜாவாஸ்கிரிப்டின் பழைய தேதிப் பொருளும் இப்பள்ளி. எஸ்கியூலைட்டும் இதுவே, 2024இல் அது ஒடுங்குவார்க்கும் ஒரு கதவு திறந்துவிட்டது. இப்பள்ளியார் கணிதத்தில் குற்றம் இல்லை. குற்றம் எங்கே என்பதற்கு எடுத்துக்காட்டு: ஜனவரி 31 அன்று ஒருவர் கடை வாடகைக்கு எடுக்கிறார். மாதந்தோறும் தவணைத் தேதி போட நிரல். கடைச் சொந்தக்காரர் மே மாதம் கணக்கைப் புரட்டுகிறார்.

“தம்பி, பிப்ரவரி வாடகையையே காணோமேப்பா?”

“இல்லீங்கண்ணா, மார்ச்சுல ரெண்டா விழுந்திருக்கு பாருங்க. மூணாந்தேதி ஒண்ணு, முப்பத்தொண்ணாந்தேதி ஒண்ணு.”

“மார்ச்சுல ரெண்டு வாடகை குடுன்னு நான் போய்க் கேட்டா அந்தாள் என்னை என்னன்னு நெனைப்பான்?”

“மொத்தக் கணக்கு சரியாத்தாங்கண்ணா வருது.”

“ஏப்ரல் முப்பதுலயும் ஒண்ணும் இல்லையே. மே ஒண்ணாந்தேதின்னு இருக்கு. மே கடைசிலயும் இருக்கு. உன் கம்ப்யூட்டருக்கு முப்பதுநாள் மாசம்னாலே ஆகாதா?”

ஆகாதுதான். அண்ணன் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்ததை நிரலர் சோதனையில் பிடித்திருக்க வேண்டும்.

மறுப்பார் விடையே சொல்லமாட்டார்; அப்படி ஒரு தேதி இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடுவார். ஆரக்கிள் தரவுத்தளத்தில் ஒரு மாத இடைவெளியை நேரடியாகக் கூட்டினால் 01839 என்ற எண்ணோடு இந்தப் பதில் வரும். நேர்மை என்றால் இதுதான். ஆனால் நள்ளிரவில் தானாக ஓடும் பில் நிரலில் இவ்வளவு நேர்மை, எழுதியவர் தூக்கத்தைக் கெடுக்கும்.

கடைபற்றுவாரும் ஆரக்கிள் வீட்டிலேயே குடியிருப்பவர். அங்குள்ள ‘ஆட்_மந்த்ஸ்’ என்ற செயல்கூற்றுக்கு மாதக் கடைசி நாளைக் கொடுத்தால் மாதக் கடைசி நாளையே திருப்பித் தரும். ஜனவரி 31க்குப் பிப்ரவரி 28, பிப்ரவரி 28க்கு மார்ச் 31. ‘மாசக் கடைசி’ என்று பேசி முடித்த உடன்படிக்கைக்கு இது பொருந்தும். பிப்ரவரி 28 அன்று தற்செயலாகக் கடை திறந்தவரை ஏன் 31க்கு இழுத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால் பதில் இல்லை. அவர் 28ஐ 28 என்பதற்காகத் தேர்ந்தாரா, கடைசி என்பதற்காகத் தேர்ந்தாரா என்று அந்தச் செயல்கூற்றுக்குத் தெரிய வழியில்லை. ஒரே வீட்டில் இரண்டு பள்ளி இருப்பதையும் மாணாக்கர் குறித்துக்கொள்க.

ஒடுங்குவார் பிப்ரவரி 28 என்பார். ஜாவாவின் 2014க்குப் பிந்தைய நூலகம், போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல், எக்செலின் ‘ஈடேட்’ யாவும் இப்பள்ளி. கூட்டம் இங்கேதான் அதிகம். இப்பள்ளியின் நோய் தேய்மானம். 31 பிப்ரவரியில் 28 ஆகும். அந்த 28ஐ எடுத்து மீண்டும் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28. அடுத்து ஏப்ரல் 28. ஒருமுறை ஒடுங்கியது பின்பு நிமிர்வதே இல்லை. ஜனவரி 31உடன் இரண்டு மாதத்தை ஒரே மூச்சில் கூட்டினாலோ மார்ச் 31 வரும். ஒன்றும் ஒன்றும் இரண்டாகாத கூட்டல் இது. கூட்டிக் கழித்தால் புறப்பட்ட இடத்துக்கும் திரும்பாது.

நம் தீர்ப்பு: ஒடுங்குவார் பள்ளியே கொள்க, ஒரு நிபந்தனையோடு. தொடங்கிய தேதியைத் தனியே சேமித்து வைத்து, ஒவ்வொரு தவணையையும் அதிலிருந்தே எண்ணுக. போன தவணையிலிருந்து எண்ணற்க.

இது நம் கண்டுபிடிப்பு அன்று. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, தவணை முடியும் மாதத்தில் அந்தத் தேதி இல்லாவிட்டால் மாதக் கடைசி நாளில் முடிந்ததாகக் கொள்க என்கிறது. அத்தோடு விடவில்லை, மூன்று எடுத்துக்காட்டும் கொடுத்தது. 1878 ஜனவரி 29 தேதியிட்ட ஒரு மாத உண்டியல், பிப்ரவரி 28க்குப் பின் மூன்றாம் நாள் முதிரும். மூன்று நாள் சலுகைக் காலம் அதே சட்டம் கொடுப்பது. ஆகஸ்ட் 30 தேதியிட்ட மூன்று மாத உண்டியல் டிசம்பர் 3இல் முதிரும். ஆகஸ்ட் 31 தேதியிட்டதும் அதே டிசம்பர் 3. லீப் ஆண்டு அல்லாத பிப்ரவரி, 30 உள்ள மாதத்தில் 30, 30 உள்ள மாதத்தில் 31: இன்று ஒரு நல்ல நிரலர் எழுதும் சோதனைகள் இவையே. சட்டம் எழுதியவர்களிடம் கணினி இல்லை. கடன் கொடுத்தவனும் வாங்கியவனும் நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் 2022 ஜனவரியில் இதே வழிக்கு வந்தது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்றும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றுமாவது வைக்க வேண்டும். அந்தத் தேதி இல்லாத மாதத்தில் கடைசி நாளே புதுப்பிக்கும் நாள் என்று ஆணையிட்டது. 28 நாள் மாதம் ஒழியவில்லை. பக்கத்தில் வேறு மாதங்களும் விற்பனைக்கு வந்தன.

மூன்றாம் இயல்: வழு

வழுக்கள் பல. சிலவற்றைச் சொல்லிக் கடப்போம்.

ஜனவரியைப் பூஜ்யம் என்று எண்ணுவது. சி மொழியில் தொடங்கி, ஜாவா வழியாக ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்த பரம்பரைச் சொத்து. மாதம் பூஜ்யத்தில் தொடங்கும், நாளோ ஒன்றில் தொடங்கும். இதிலும் ஒரு நன்மை உண்டு: அடுத்த மாதத்தின் பூஜ்யம் தேதியைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் இந்த மாதத்தின் கடைசி நாளைத் தரும். வழிவார் பள்ளி உருப்படியாகச் செய்யும் வேலை அது ஒன்று.

1900ஐ லீப் ஆண்டாகக் கொள்வது. பழைய விரிதாள் நிரலான லோட்டஸ் 1-2-3 செய்த பிழையை, அதன் தாள்கள் தன்னிடமும் ஒத்துப்போக வேண்டும் என்று எக்செல் தெரிந்தே ஏற்றது. 60 என்ற எண்ணைத் தேதியாக்கிப் பார்த்தால் 1900 பிப்ரவரி 29 என்று இன்றும் காட்டும். அப்படியொரு நாள் உலகில் விடியவே இல்லை.

ஆண்டைக் கூட்டும்போது தேதியை மறப்பது. 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்டின் அஸூர் மேகச்சேவை படுத்தது. ஓராண்டுச் சான்றிதழ் தயாரிக்க ஆண்டில் மட்டும் ஒன்றைக் கூட்டி 2013 பிப்ரவரி 29 என்று போட்டிருந்தார்கள். அதே நிறுவனத்தின் சூன் என்னும் பாட்டுக் கேட்கும் கருவி 2008 டிசம்பர் 31 அன்று, லீப் ஆண்டின் 366ஆம் நாளை என்ன செய்வதென்று தெரியாமல் சுழன்று உறைந்தது. புத்தாண்டு பிறந்த பின்னரே தெளிந்தது.

மாதத்தை 31ஆம் தேதியோடு மூடுவது. ஒன்றாம் தேதி முதல் 31ஆம் தேதி ‘வரை’ என்று தரவுத்தளத்தில் கேட்டால், நேரமும் சேர்ந்து பதிவான பில்களில் 31ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் போட்டவை எல்லாம் விடுபடும்; 31 என்பதை அது 31ஆம் தேதி பிறக்கும் நொடி என்றே கொள்ளும். மாதத்தின் மேலெல்லை அடுத்த மாதத்தின் முதல் நொடி. அதைத் தொடாமல் நிற்க வேண்டும். இதன் உடன்பிறப்பு நேர மண்டல வழு. சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால், ஒன்றாம் தேதி விடிகாலை நாலரைக்கு ஒரு பூக்கடைக்காரர் போட்ட பில் போன மாதக் கணக்கில் விழும். நம் மாதம் ஐந்தரை மணி நேரம் முன்பே பிறந்துவிடுகிறது.

மனிதரே மாத எல்லையில் விழுவதும் உண்டு. மத்திய அரசு ஊழியர் 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஓய்வு பெறுவார். ஒன்றாம் தேதி பிறந்தவராயின் முந்தைய மாதக் கடைசியிலேயே போய்விட வேண்டும். ஒருநாள் தாமதமாகப் பிறந்திருந்தால் ஒரு மாதச் சம்பளம் கூடுதல். ஜூன் 30இல் ஓய்வு பெறுவோர்க்கு வேறொரு சங்கடம்: ஓராண்டு உழைத்ததற்கான ஊதிய உயர்வு ஜூலை 1இல்தான் விழும், அன்று அவர் பணியில் இல்லை. 2017 செப்டம்பர் 15இல் சென்னை உயர் நீதிமன்றம், உழைத்தது உழைத்ததுதான், ஓய்வூதியக் கணக்குக்கு அந்த உயர்வு உண்டு என்றது. 2023 ஏப்ரல் 11இல் கர்நாடக மின் பரிமாற்றக் கழகத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றமும், உயர்வு விழுவதற்கு முந்தைய நாள் ஓய்வு பெற்றவர்க்கு அது உரியதே என்றது. நிரலில் ஒற்றைச் சமக்குறி இருக்கிறதா இல்லையா என்பதற்கு இத்தனை படிகள் ஏற வேண்டியிருந்தது.

புறநடை

இங்கே சொல்லாது விட்டவற்றை ஊர் வழக்கு நோக்கி அமைத்துக்கொள்க.

மொஹல்லாவில் வாடகைக்கும் தவணைக்கும் நிரல் எழுதுவோர்க்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பள்ளியாயினும் ஆகுக. ரசீதின் அடியில் ‘தேதி இல்லாத மாதத்தில் கடைசி நாள் தவணை நாளாகும்’ என்பது போல் ஒரு வரி அச்சிட்டுவிடுங்கள், கன்னடத்திலும் தமிழிலும். ஜனவரி 31, ஆகஸ்ட் 31 இரண்டையும் நிரலில் ஓட்டிப் பார்த்துவிட்டே பணம் வாங்குங்கள். அடுத்த பிப்ரவரி 29 வருவது 2028இல், செவ்வாய்க்கிழமை.